பெயரில்லாத தாழ்வுப் பகுதியின் பின்னால்: ஆறு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: சென்னை

ஐப்பசியின் கடைசி வாரம் இது. தென்மேற்கு வங்கக் கடலில், இலங்கைக்குக் கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருப்பதாக இன்றைய நண்பகல் அறிக்கை தெரிவித்தது. அது மேற்கு நோக்கி மெல்ல நகரும் என்றும், வட கடலோர மாவட்டங்களில் தொடங்கும் மழை டெல்டா வழியாகத் தென் மாவட்டங்களுக்கு இறங்கும் என்றும் அறிக்கை கூறியது. அதன் பின்னாலேயே பேருந்தில் சென்று பார்ப்பது என்று நான் முடிவு செய்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். பையில் இரண்டு நாள் துணி, ஒரு குறிப்பேடு, பிளாஸ்டிக்கால் ஆன மழைமானி ஒன்று. இவற்றைத் தவிர வேறு ஆயத்தம் எதுவும் இல்லை.

அறிக்கையைக் கேட்டவுடன் பக்கத்து வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு என்ன பேர் வெச்சிருக்காங்க?" என்பதுதான். பெயர் இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் ஒரு சுழற்சி புயல் என்ற நிலையை அடைந்து பெயர் பெறுகிறது. 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம், 51 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதற்கும் கீழே இருப்பது வெறும் தாழ்வுப் பகுதி. இந்தப் படிநிலை முழுவதும் காற்றை அளந்து வகுத்தது. மழையின் அளவைப் பற்றி இது ஒன்றும் சொல்வதில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது வங்கக் கடலில் புயல் எதுவும் இருக்கவில்லை. அடையாற்றுக் கரையில் அன்றிரவு மாடிகளில் நின்றவர்களுக்குச் சபிப்பதற்குக்கூட ஒரு பெயர் கிடைக்கவில்லை.

மாலையில் மெரினாவுக்குச் சென்றேன். கிழக்கே அடிவானம் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. காற்று வடகிழக்கிலிருந்து நிதானமாக வீசியது. மழை இன்னும் தொடங்கவில்லை.

இரண்டாம் நாள்: சென்னை முதல் கடலூர் வரை

மழை நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்குத் தொடங்கிக் காலை ஏழு மணிக்கு ஓய்ந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடற்கரை ஊர்களில் இரவின் பிற்பகுதியிலும் விடியலிலும் மழை கூடுவது வழக்கம். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று புறப்படுகிறது. எதிரே ஈரத்தைச் சுமந்து வரும் கிழக்குக் காற்றுடன் அது கரையோரத்தில் மோதும்போது காற்று மேலெழும்பி மேகம் திரள்கிறது. பகலில் வெயில் அடித்ததைப் பார்த்து "அறிக்கை பொய்த்துவிட்டது" என்று சொல்பவர்கள், அந்த இரவு உறங்கி எழும்போது தெருவில் தண்ணீரைக் காண்பது இதனால்தான்.

காலை 8.30 மணிக்கு மொட்டை மாடியில் மழைமானியை எடுத்துப் பார்த்தேன். நாடு முழுவதும் மழையளவு இந்த நேரத்தில்தான் கணக்கிடப்படுகிறது. முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்ததே இன்றைய மழை. கண்ணாடிபோன்ற அந்தக் குழாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தால், நீரின் மேற்பரப்பு ஓரங்களில் சற்றே ஏறி நடுவில் குழிந்திருப்பது தெரியும். அந்தக் குழியின் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும். ஒரு சிற்றெறும்பு நீரில் மிதந்துகொண்டிருந்தது. 74 மில்லிமீட்டர் இருந்தது. 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை என்பது வகைப்பாடு. ஆக, என் மாடியில் பெய்தது கனமழை. ஆனால் அந்த 74 மில்லிமீட்டரில் பெரும்பகுதி விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கொட்டியது என்பதை மழைமானி சொல்லாது. முழங்கால் அளவு தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பால்காரர்தான் சொன்னார். இதே அளவு ஐந்து நாளில் பெய்திருந்தால் நகரத்தின் மண் நன்றி சொல்லிக் குடித்திருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் மரக்காணம் தாண்டும்போது உப்பளங்கள் முழுகிக் கிடந்தன. மாலையில் கடலூர் துறைமுகத்தை அடைந்தேன். நாட்டுப்படகுகளும் விசைப்படகுகளும் கரையேறி, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தன. புயல் எச்சரிக்கைக் கூண்டு எதுவும் ஏற்றப்படவில்லை. பலத்த காற்று வீசக்கூடும் என்பதால் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு மட்டுமே இருந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவரிடம், "கூண்டு ஏற்றவில்லையே ஐயா, ஏன் யாரும் போகவில்லை?" என்று கேட்டேன்.

"கூண்டு ஏறலேன்னா கடல் சும்மா இருக்கும்னு அர்த்தமா தம்பி? இப்ப நேரா வாடை அடிக்குது பாருங்க. தாழ்வு இன்னும் நமக்குத் தென்கிழக்கால நிக்குது. இந்தக் காத்து கொண்டலுக்குத் திரும்பிச்சுன்னா அது தெக்க நகர்ந்துடுச்சுன்னு வெச்சுக்கலாம்."

வாடை என்பது வடக்கும் வடகிழக்கும் சேர்ந்த காற்று. கொண்டல் என்பது கிழக்குக் காற்று. அவர் சொன்னது பாடநூலிலும் உள்ள உண்மை. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் தாழ்வு நிலை நம் வலக்கைப் பக்கம் இருக்கும் என்று டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857 ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். வடகிழக்கைப் பார்த்து நின்று வலக்கையை நீட்டினால் அது தென்கிழக்கைக் காட்டுகிறது. அந்தப் பெரியவர் கையை நீட்டவில்லை, வலையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது இந்த ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். அன்று கற்றது இந்த ஊருக்கு இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள்: வீராணம்

சிதம்பரம் விடுதியில் இன்று காலை அளந்தது 41 மில்லிமீட்டர். முதலில் மழைமானியைச் சுவரோரம் வைத்துவிட்டேன். கிழக்குக் காற்றில் சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைக்கும் என்பது இரவில்தான் உறைத்தது. எழுந்துபோய்த் திறந்த இடத்துக்கு மாற்றி வைத்தேன். எனவே இந்த 41 என்பது உண்மையில் பெய்ததைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

காட்டுமன்னார்கோயிலுக்குச் சென்று வீராணம் ஏரிக்கரையில் நடந்தேன். பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இது. முழு நீர்மட்டம் 47.50 அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் வருகிறது. சென்னையின் குடிநீரில் ஒரு பங்கும் இங்கிருந்துதான் போகிறது. ஆனால் மழைக்காலத்தில் இந்த ஏரிக்கு இன்னொரு வாசல் திறக்கிறது. அரியலூர் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்யும் மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாகச் செம்மண் நிறத்தில் இறங்கி வந்து சேர்கிறது. ஏரி ஏற்கெனவே நிறைந்திருக்கும் நாளில் ஜெயங்கொண்டத்தில் கனமழை என்றால், லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீரைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. இங்கே ஒரு துளி விழாமலேயே இங்குள்ள வயல் முழுகும். கடலூரை வடிகால் மாவட்டம் என்று மக்கள் சொல்வதன் பொருளை நின்று பார்த்தால்தான் விளங்குகிறது.

மாவட்டத்துக்கு இன்று ஆரஞ்சு எச்சரிக்கை. அறிக்கையில் "ஓரிரு இடங்களில் கன முதல் மிகக் கனமழை" என்று இருந்தது. இந்த "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லை நாம் அலட்சியமாகக் கடந்துவிடுகிறோம். மழையளவு நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாத இடங்களில் பெய்யும் என்பது அதன் பொருள். பாதி வரை என்றால் சில இடங்கள், முக்கால் வரை என்றால் பல இடங்கள், அதற்கும் மேல் என்றால் பெரும்பாலான இடங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. சொல்லைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்தால் ஆரஞ்சு என்றதும் மாவட்டம் முழுவதும் நடுங்கும்; மழை பெய்யாத மூன்று பங்கு ஊர்களும் அடுத்த முறை எச்சரிக்கையை நம்பாது. அந்த அவநம்பிக்கை மழையைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏரியின் கீழ்ப்பாசனத்தில் சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் பருவத்தில் நிற்கிறது. ஒரு வடிகாலின் வாயில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்ற ஒரு அம்மா, ஆகாயத்தாமரையை அரிவாளால் அறுத்துக் கரையில் வீசிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது இருக்கும். தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் படர்ந்திருந்ததால், அவர் ஒரு கொத்தை இழுத்தால் இரண்டு கஜத்துக்கு அப்பால் உள்ள கொத்தும் அசைந்தது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையிலிருந்து இழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஓரிடத்தில் பாய் கிழிந்தது. அதுவரை கண்ணாடிபோல் நின்ற தண்ணீர் முதலில் ஒரு சுழிப்பாகி, பிறகு சலசலவென்று ஓடத் தொடங்கியது. வயலின் வரப்போரம் நீர் விரலளவு இறங்கியதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"இன்னைக்கு ரொம்ப மழை வரும்னு சொல்றாங்களே அம்மா" என்றேன்.

"மழை வரட்டும் தம்பி, ஐப்பசியில வராம எப்ப வரும்? வந்த தண்ணி போகணும்ல. ஒரு நாள் நின்னா பயிர் தாங்கும். ரெண்டு நாள் தாங்கும். மூணாம் நாள் நுனி மஞ்சக் கட்டிடும், அப்புறம் வேர் அழுவிடும்."

ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் அது ஏறத்தாழ நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். அவருடைய நிலம் முக்கால் ஏக்கர். இன்றிரவு பத்து செ.மீ. பெய்தால் மூன்று லட்சம் லிட்டர் அந்தக் கிழிந்த பாயின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வானிலை அறிக்கையில் எத்தனை செ.மீ. என்ற எண் இருக்கும். அந்தத் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடியும் என்ற எண் எங்கும் இருக்காது. அந்த இரண்டாவது எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர் அந்த அம்மா மட்டுமே.

நான்காம் நாள்: நாகப்பட்டினம், வேதாரண்யம்

நேற்றிரவு நாகப்பட்டினம் வந்து சேர்ந்தேன். இரவு முழுவதும் ஓயவில்லை. இடி இல்லை, மின்னல் இல்லை. ஒரே சீராக, மூச்சு விடாமல் பெய்தது. அடைமழை என்ற சொல்லின் பொருளை என் காது முழுவதுமாக உணர்ந்த இரவு அது. காலையில் 128 மில்லிமீட்டர். என் குறிப்பேட்டில் முதன்முறையாக "மிகக் கனமழை" என்று எழுதினேன்.

அறிக்கையின்படி தாழ்வுப் பகுதி இலங்கைக் கடலோரத்தை ஒட்டி நகர்கிறது; மேலும் வலுப்பெற வாய்ப்பில்லை. கடல் நீர் போதிய வெப்பத்துடன்தான் இருக்கிறது. ஆனால் அருகில் நிலம் இருப்பதும், மேலே செல்லச் செல்லக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதும் சுழற்சி செங்குத்தாக நிமிர்ந்து எழ விடுவதில்லை. வலுப்பெறாது என்ற செய்தியை விடுதித் தொலைக்காட்சியில் கேட்ட ஒருவர், "அப்போ மழையும் இருக்காது" என்றார். அதே நேரத்தில் விடுதி வாசலில் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டிருந்தது. சுழற்சி வலுவாக இல்லாவிட்டாலும், மெதுவாக நகர்ந்து ஒரே இடத்துக்கு ஈரக் காற்றை மணிக்கணக்கில் இழுத்துத் தந்தால் போதும்.

பிற்பகலில் மழை சற்று விட்டபோது வேதாரண்யம் சென்றேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. சாலையோரத் தோப்பில் கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகள் குலை தள்ளி நிற்கின்றன. நடுவே, தலையிழந்த பழைய மரம் ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள். தோப்புக்காரர், "இது வெறும் மழைதான் அண்ணே, இதுக்கு எங்க மரம் பயப்படாது" என்றார். அவர் சொல்வது சரி. காற்று தென்னைக்கு எமன். நிற்கும் தண்ணீர் நெல்லுக்கு எமன். சில மணி நேரத்தில் கொட்டும் மழை நகரத்துக்கு எமன். மூன்றையும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் சொல்லி முடித்துவிட முடியாது.

மாலை ஐந்து மணிக்குக் காற்று மாறியது. வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது நேர்கிழக்காகத் திரும்பி, உப்பளங்களின் கலங்கிய நீரில் சிற்றலைகளை மேற்கு நோக்கித் தள்ளியது. வாடை கொண்டலாகிவிட்டது. கடலூர்ப் பெரியவர் சொன்னபடியே, கிழக்கைப் பார்த்து நின்றால் என் வலக்கை தெற்கைக் காட்டியது. அலைபேசியில் அதே செய்தி வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஐந்தாம் நாள்: இராமநாதபுரம் வழியாக

நாள் முழுவதும் பேருந்துப் பயணம். இராமநாதபுரத்தில் இறங்கியபோது மெல்லிய தூறல். காலையில் புறப்படுவதற்கு முன் அளந்தது 19 மில்லிமீட்டர்.

வழியெங்கும் கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேற்று வரை மழையை அச்சத்தோடு பேசிய குரல்களையே கேட்டிருந்த எனக்கு, பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் "எங்க கண்மாய்க்கு இன்னும் பாதிகூட வரலை, இது இப்படியே ரெண்டு நாள் நிக்கட்டும்" என்று மனமுருகிச் சொன்னது நெஞ்சைத் தொட்டது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதத்தில்தான் வருகிறது. மாநிலத்தின் சராசரி ஏறக்குறைய 44 செ.மீ. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் மறித்துக்கொள்ள, இந்த வானம் பார்த்த பூமிக்கு எஞ்சியிருப்பது இந்தக் கிழக்குக் காற்று ஒன்றுதான். "கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை" என்று இங்கே சொல்லும்போது அது பழமொழியாக ஒலிப்பதில்லை, கணக்காக ஒலிக்கிறது.

இரவு தூத்துக்குடி.

ஆறாம் நாள்: காயல்பட்டினம்

தாழ்வுப் பகுதி குமரிக்கடலைக் கடந்து மாலத்தீவுப் பக்கம் சென்றுவிட்டது. காற்று இப்போது தென்கிழக்கிலிருந்து வருகிறது. காலை அளவு 23 மில்லிமீட்டர். பயணத்தின் கடைசி ஊராகக் காயல்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு.

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே பதிவானது 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். பக்கத்தில் திருச்செந்தூரில் 69 செ.மீ. அன்று கடலில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை; குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலத்தில் நிலவிய ஒரு சுழற்சி மட்டுமே. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் ரயில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளம் சூழச் சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணி ஏரலில் பாலத்தைச் சிதைத்துவிட்டுச் சென்றது.

ஒரு மளிகைக் கடையின் உட்சுவரில், என் மார்பளவு உயரத்தில், சுண்ணாம்பின் மேல் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஓடுகிறது. கடைக்காரர் இரண்டு முறை வெள்ளை அடித்தும் அது மீண்டும் கசிந்து வந்துவிட்டதாம். என் மழைமானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த அவர், "இதுல எவ்வளவு புடிக்கும்?" என்று கேட்டார். பதினைந்து செ.மீ. என்றேன். அவர் அதைச் சுவரில் அந்தக் கோட்டுக்குக் கீழே தரையிலிருந்து நிமிர்த்தி வைத்து, ஒன்று, இரண்டு என்று கையால் மேலே மேலே நகர்த்தி எண்ணத் தொடங்கினார். அன்று பெய்ததை அளக்க இதை ஆறு முறை நிரப்பிக் கொட்டியிருக்க வேண்டும். ஏழாவது முறையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருக்கும் என்று நான் கணக்குச் சொன்னேன்.

"அன்னைக்கு முந்தின நாள் மத்தியானமே அறிக்கை வந்துச்சு" என்றார் அவர். "ரொம்பக் கனமழைன்னுதான் சொன்னாங்க. புயல்னு சொல்லலை. அதனால நாங்க மூட்டைங்களை மேல ஏத்தலை. இப்ப எல்லாம் எதுன்னாலும் ஏத்திடுறோம்."

நேற்றிரவும் ஏற்றியிருக்கிறார். அரிசி மூட்டைகளும் பருப்பு மூட்டைகளும் பரணில் அடுக்கியபடியே இருந்தன. இரவு பெய்தது 23 மில்லிமீட்டர்தான். அதற்காக அவர் வருந்தவும் இல்லை, அறிக்கையைக் குறை கூறவும் இல்லை. நான் இருக்கும்போதே மகனும் அவரும் சேர்ந்து ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்கள். இரண்டு மூட்டைகளுக்கு நானும் தோள் கொடுத்தேன்.

தெற்கு அந்தமான் கடலில் இன்னும் இரண்டு நாளில் புதிய சுழற்சி ஒன்று உருவாகக்கூடும் என்று இன்றைய நண்பகல் அறிக்கையில் இருந்தது. கடைசி மூட்டையை இறக்கும் முன் அதைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் சற்று யோசித்து, "அப்போ இந்த அரிசி மேலயே இருக்கட்டும்" என்று மகனிடம் சொன்னார்.